பலகை அசைந்தால் எல்லாம் போச்சு! வீட்டு சிஎன்சி வாங்குபவர்கள் முதலில் எதற்குச் செலவழிக்க வேண்டும்?

ஊரில் பாட்டி வீட்டை இடித்தபோது அம்மா கேட்டு வாங்கி வந்தது ஒன்றே ஒன்றுதான். பின்கட்டுக் கதவிலிருந்து ஒரு தேக்குப் பலகை. 75 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 3 செ.மீ. கனம். புது ஃபிளாட் வாசலில் பாட்டி பெயரைச் செதுக்கி மாட்டணும் என்பது அம்மாவின் ஆசை. "கடையில் எல்லாம் கொடுக்க வேணாம்மா, நானே பண்ணித் தர்றேன்" என்றான் தம்பி. அவன் அப்போதுதான் ஆன்லைனில் ஒரு குட்டி சிஎன்சி மெஷின் வாங்கியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை. மெஷின் ஓட ஆரம்பித்து ஒன்றே முக்கால் மணி நேரம் இருக்கும். சீராக 'உய்ங்' என்று வந்துகொண்டிருந்த சத்தம் திடீரென்று 'டக் டக் டக்' என்று மாறியது. தம்பி பக்கத்து அறையில் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது பலகை லேசாகத் திரும்பியிருந்தது. லேசாக என்றால் 4 மில்லிமீட்டர். பாட்டி பெயரில் ஐந்து எழுத்து. முதல் மூன்று எழுத்தும் நேராக வந்திருந்தன. நான்காவது எழுத்து கீழே சரிந்து, மூன்றாவதின் காலைக் கடித்துக்கொண்டு நின்றது. அப்போதும் மெஷின் நிற்கவில்லை. ஐந்தாவது எழுத்தைத் தப்பான இடத்தில் ரொம்ப அழகாகச் செதுக்க ஆரம்பித்திருந்தது.

எம்டிஎஃப் பலகை என்றால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். பாட்டி வீட்டுக் கதவுக்கு எங்கே போவது?

அதன்பிறகு சில வாரங்கள் நான் இதே விஷயமாகப் படித்தேன், பார்த்தேன், தெருமுனைத் தச்சுப் பட்டறையில் போய் நின்று கேட்டேன். என் கருத்து இதுதான்: வீட்டில் செதுக்கும் மெஷின் வாங்குகிறவர்கள் மோட்டார் எவ்வளவு வாட், சாஃப்ட்வேர் என்ன என்று பார்ப்பதற்கு முன்னால், பலகையை எப்படிப் பிடிக்கப் போகிறோம் என்று யோசிக்க வேண்டும். காசு அங்கேதான் முதலில் போகணும். விற்பவர்களும் வீடியோ போடுபவர்களும் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை என்பதுதான் என் கோபம்.

மெஷினுக்குத் தெரியாதா, பலகை நகர்ந்தது?

தெரியாது. இதைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்த மாதிரி.

வீட்டுக்கு வாங்கும் சின்ன சிஎன்சிக்களில் பெரும்பாலும் இருப்பது ஸ்டெப்பர் மோட்டார். 'இத்தனை அடி எடுத்து வை' என்று கட்டளை போகும், அது எடுத்து வைக்கும். வைத்தேனா என்று திரும்பிச் சொல்லாது. இந்த மெஷின்களில் பலவற்றை இயக்கும் ஜிஆர்பிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளும் எண்ணிக்கையை மட்டுமே வைத்துக்கொண்டு ஓடுகிறது. நாம் ஆரம்பத்தில் ஒரு மூலையைக் காட்டி 'இதுதான் ஜீரோ' என்று சொன்னோம் இல்லையா, அதை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு போகிறது. பலகை இருக்கிறதா, நகர்ந்ததா, கீழே விழுந்துவிட்டதா, எதுவுமே அதற்குத் தெரியாது. பலகையே வைக்காமல் ஸ்டார்ட் கொடுத்தாலும் காற்றில் முழுப் பெயரையும் எழுதி முடித்துவிட்டு, வேலை முடிந்தது என்று திரையில் காட்டும்.

அப்போ 'பலகை இங்கேதான் இருக்கும்' என்ற உறுதிமொழியை மெஷினுக்குக் கொடுப்பது யார்? நாம்தான். அதை எழுதிக் கொடுக்கும் பேனா, நாலு போல்ட்டும் நாலு தகடும்.

3டி பிரிண்டர் பழக்கம் செய்யும் வேலை

தம்பி மாதிரி ஆட்கள் இதில் ஏன் கோட்டை விடுகிறார்கள் என்று யோசித்தால் எனக்கு ஒரு காரணம் தோன்றுகிறது. இந்தத் தலைமுறையில் பலரும் 3டி பிரிண்டரிலிருந்து இங்கே வருகிறார்கள். பிரிண்டரில் உருகிய பிளாஸ்டிக் சொட்டு சொட்டாக உட்காரும், அவ்ளோதான். யாரும் யாரையும் தள்ளுவதில்லை. தட்டில் ஒட்டிக்கொண்டால் போதும்.

செதுக்கும் மெஷின் அப்படி இல்லை. இங்கே சுழலும் பிட் ஒவ்வொரு சுற்றிலும் மரத்தைக் கடித்து இழுக்கிறது. ஒரு சின்ன மெஷினில்கூட அந்த பிட் நிமிடத்துக்கு 10,000 சுற்று வரை போகும். பக்கவாட்டில் தள்ளும் விசை ஒன்று. பலகையைத் திருப்பப் பார்க்கும் விசை இன்னொன்று. யாரும் எதிர்பார்க்காத மூன்றாவது ஒன்று இருக்கிறது: மேலே தூக்கும் விசை. சாதாரணமாகக் கிடைக்கும் சுருள் வடிவ பிட்களில் பல, மரத்தூளை மேலே வாரிவிடும்படி செய்யப்பட்டவை. தூளோடு சேர்த்துப் பலகையையும் மேலே இழுக்கும். மெல்லிய பிளைவுட்டை நாலு ஓரத்திலும் இறுக்கிப் பிடித்திருந்தாலும் நடுப்பகுதி அப்பளம் மாதிரி எழும்பி வரும். அந்த இடத்தில் செதுக்கல் ஆழமாகிவிடும், அல்லது பலகை ஓட்டையாகிவிடும். தூளைக் கீழே அழுத்தும் வகை பிட்டும் கிடைக்கிறது. மெல்லிய பலகைக்கு அது நல்லது. ஆனால் பள்ளத்துக்குள் தூள் அடைந்துகொண்டு சூடேறும், அதையும் கவனிக்கணும்.

எங்கள் வீட்டில் நடந்தது என்ன?

திட்டப்படி பலகையின் ஒரு பாதியில் பெயர், மறுபாதியில் ஒரு குத்துவிளக்கு. மெஷினின் வேலைப் பரப்பு 40 செ.மீ.தான் என்பதால் இரண்டு தவணையாகச் செதுக்க வேண்டும். முதல் தவணைக்குப் பலகையின் 40 செ.மீ. மெஷின் படுக்கையில் இருந்தது. மிச்சம் 35 செ.மீ. பின்பக்கம் அந்தரத்தில் தொங்கியது. அதற்குக் கீழே முட்டுக் கொடுக்கணும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. "வெயிட்டா இருக்கில்ல, அதுவே நிக்கும்" என்றான். நானும் ஆமாம் என்றேன்.

பெட்டியில் வந்தது நாலு கிளாம்ப். அதில் இரண்டை மட்டும் முன்முனையில் போட்டான். நீளவாக்கில் இரண்டு பக்கமும் போட்டால் பிட் வந்து இடிக்குமோ என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். பிடிமானம் முழுக்க ஒரே முனையில். தொங்கும் மறுமுனை தன் எடையால் கீழே போக, படுக்கையின் பின்விளிம்பு அச்சாணி மாதிரி ஆகி, முன்முனை மேலே எழப் பார்த்தது. சீ-சா பலகை மாதிரி. அந்த இரண்டு கிளாம்ப்பும் முழு நேரமும் அதை எதிர்த்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. மேலே மெஷினின் அதிர்வு. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் போல்ட் தளர்வதற்கு வேறு என்ன வேண்டும்?

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. தெருமுனைப் பட்டறையில் அறுபது வயதுக்கு மேல் ஒரு பெரியவர் இருக்கிறார். ஜன்னல், கதவு, கட்டில் எல்லாம் செய்வார். பலகையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனோம். தம்பி எடுத்த வீடியோவை முழுசாகக்கூடப் பார்க்கவில்லை. "மரத்தைப் பிடிக்காம மிஷினை மட்டும் ஓட்டினா அது எப்படிப்பா நிக்கும்?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உளி பிடிக்கிறதுக்கு முன்னாடி எங்களுக்குக் காலால மரத்தை அமுக்கிப் பிடிக்கத்தான்ம்மா சொல்லிக் கொடுத்தாங்க" என்றார்.

ஒரு கிளாம்ப்பைச் சரியாக மாட்டுவது எப்படி?

சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் எங்கள் தப்பில் பாதி இதுதான்.

சிஎன்சியோடு வரும் கிளாம்ப் ஒரு நீளத் தகடு. ஒரு முனை பலகை மேல் உட்காரும், மறுமுனை பின்னால் ஒரு கட்டை மேலோ திருகு மேலோ நிற்கும், நடுவில் போல்ட். தம்பி பின்முனையைத் தாழ்வாக விட்டு போல்ட்டை முறுக்கியிருந்தான். அப்படிச் செய்தால் தகடு சாய்ந்து, பலகையின் ஓரத்தை மட்டும் நெருடிக்கொண்டு நிற்கும். இறுக்க இறுக்கப் பலகையை வெளியேதான் தள்ளும். பெரியவர் ஒரு ரீப்பர் துண்டை எடுத்து வைத்துக் காட்டினார். பின்முனை பலகையின் உயரத்துக்குச் சமமாக, இல்லையென்றால் ஒரு நூல் கூடுதலாகவே இருக்க வேண்டும். அப்போதுதான் தகட்டின் மூக்கு பலகையை நேராகக் கீழே அழுத்தும்.

இன்னொன்று, போல்ட் எங்கே இருக்கிறது என்பது. பலகைக்குப் பக்கத்தில் இருந்தால் இறுக்கத்தின் பெரும்பங்கு பலகைக்குப் போகும். பின்கட்டைக்குப் பக்கத்தில் இருந்தால் பின்கட்டைக்குத்தான் போகும். எங்கள் போல்ட் நட்டநடுவைத் தாண்டிப் பின்னால் இருந்தது. கை வலிக்க முறுக்கியதெல்லாம் ரீப்பர் துண்டுக்குச் சேவை.

இறுக்கி முடித்ததும் கட்டைவிரலால் பலகையைப் பலமாகத் தள்ளிப் பாருங்கள், நாலு பக்கமும். உங்கள் விரலுக்கு அசைந்தால் மெஷினுக்கும் அசையும். பிறகு நாலு மூலையையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். 'டக்' என்று சத்தம் வந்தால் அந்த மூலைக்குக் கீழே காற்று இருக்கிறது.

கீழே காற்று இருந்தால் என்ன?

பழைய பலகை எதுவும் தட்டையாக இருக்காது. மரம் ஈரத்தை வாங்கும், விடும். இழைக்குக் குறுக்கே சுருங்கும், விரியும். சென்னை மாதிரி கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். பலகை மெல்ல ஓடு மாதிரி வளைந்துவிடும். அதைப் படுக்கையில் வைத்து கிளாம்ப்பால் அமுக்கினால் அப்போதைக்குத் தட்டையாகத் தெரியும். செதுக்கி முடித்து கிளாம்ப்பைக் கழற்றினால் பழையபடி வளையும். நீங்கள் சமமாகச் செதுக்கிய எழுத்து இப்போது ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் மேலோட்டம்.

அமுக்காமல் அப்படியே விட்டாலும் சிக்கல். கீழே வெற்றிடம் இருக்கிற இடத்தில் பிட் இறங்கும்போது பலகை மத்தளம் மாதிரி அதிரும். எழுத்தின் ஓரம் ரம்பப் பல் மாதிரி வரும். மெல்லிய பிட் என்றால் உடையும். உடைந்த துண்டு எங்கே பறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. கண்ணாடி போடுங்கள். பவர் கண்ணாடி வேற, பாதுகாப்புக் கண்ணாடி வேற.

இதற்கு வழி ரொம்ப எளிது. பலகையின் அடிப்பக்கத்தை முதலில் இழைத்துத் தட்டையாக்கணும். முடியாது என்றால், எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே விசிட்டிங் கார்டு, மடித்த காகிதம், பிளைவுட் சீவல் என்று எதையாவது செருகி, அமுக்காத நிலையிலேயே பலகை ஆடாமல் உட்காரும்படி செய்துவிட்டு, பிறகுதான் இறுக்கணும். எங்கள் பலகைக்கு மூன்று விசிட்டிங் கார்டு போனது. மூன்றும் என்னுடையவை. அலுவலகத்தில் அடித்துக் கொடுத்து இரண்டு வருடத்தில் அவை செய்த முதல் உருப்படியான வேலை.

மெஷின் படுக்கையையும் நம்பக் கூடாது. அதன் மேல் 12 அல்லது 18 மி.மீ. எம்டிஎஃப் ஒன்றைத் திருகி, மெஷினை விட்டே அதன் மேற்பரப்பை ஒருமுறை லேசாகச் சீவிவிட வேண்டும். அப்போதுதான் அது மெஷினின் ஓட்டத்துக்கு இணையாக இருக்கும். பிட் ஆழம் தப்பி இறங்கினாலும் அலுமினியத்தைத் தொடாது, இந்த அடிப்பலகையைத்தான் கிழிக்கும். கிழியட்டும், அதற்காகத்தான் அது.

'டபுள் சைடு டேப் போதும் ப்ரோ'

இந்த வரியை வீடியோக்களின் கமெண்ட்டில் நூறு தடவை பார்த்திருப்பீர்கள். பொய் என்று சொல்ல மாட்டேன். வழவழப்பான எம்டிஎஃப், அக்ரிலிக், அகலமான அடிப்பரப்பு, மேலோட்டமான எழுத்து என்றால் டேப் நன்றாகவே தாங்கும். கிளாம்ப்பே இல்லாததால் பிட் எங்கேயும் இடிக்காது என்பது பெரிய வசதி. இன்னும் கெட்டிக்காரத்தனமான ஒரு முறையும் இருக்கிறது. பலகையின் அடியில் மாஸ்கிங் டேப், அடிப்பலகையின் மேல் மாஸ்கிங் டேப், இரண்டுக்கும் நடுவில் ஃபெவிக்விக் மாதிரி பசை. பசை டேப்போடு டேப்பைத்தான் ஒட்டும், மரத்தில் படாது. வேலை முடிந்ததும் உரித்துவிடலாம்.

ஆனால் டேப் ஒட்டுவது மேற்பரப்பில். சொரசொரப்பான மரம், பழைய பெயின்ட், தூசி, வளைவு எது இருந்தாலும் அதன் பிடி பாதியாகும். தேக்கு இன்னும் மோசம். அந்த மரத்துக்குள்ளேயே எண்ணெய்ப் பசை உண்டு. கரையான் கிட்ட வராமல் இருக்க உதவும் அதே குணம்தான் பசையையும் கிட்ட விடமாட்டேன் என்கிறது. ஸ்பிரிட் வைத்துத் துடைத்துவிட்டு ஒட்டினால் கொஞ்சம் பரவாயில்லை. 3 செ.மீ. கனத் தேக்கை டேப்பை மட்டும் நம்பி நான் விடமாட்டேன்.

திருகு போடுவதை ஏனோ எல்லோரும் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். பின்னால் வெட்டி எறியப்போகும் ஓரத்தில் நாலு திருகு போட்டு அடிப்பலகையோடு பிணைப்பதைவிட உறுதியான, மலிவான பிடிமானம் வீட்டில் கிடையாது. பிட் போகும் பாதையில் திருகு இல்லை என்று மட்டும் இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். நைலான் திருகு கிடைத்தால் இன்னும் நிம்மதி, தவறிப்போய் பிட் அதில் பட்டாலும் திருகுதான் சாகும்.

ஓரமே வெட்ட முடியாத பலகை என்றால்? பாட்டி வீட்டுப் பலகையில் ஒரு இஞ்ச்கூட வெட்டக் கூடாது என்று அம்மா உத்தரவு. இந்த இடத்தில்தான் பெரியவர் ஆப்பு செதுக்கிக் கொடுத்தார். பலகையின் ஒரு பக்கம் அடிப்பலகையில் ஒரு ரீப்பரைத் திருகிவிடணும். மறுபக்கம் கொஞ்சம் தள்ளி இன்னொரு ரீப்பர். அந்த இடைவெளியில் ஒன்றுக்கொன்று எதிராகச் சரியும் ஜோடி ஆப்பு. இரண்டையும் எதிரெதிராகச் சுத்தியலால் தட்டினால் பலகை பக்கவாட்டில் இறுகும். ஆப்பின் உயரம் பலகையைவிடக் குறைவு என்பதால் மேலே பிட் தாராளமாகப் போய்வரலாம். சரிவு மட்டும் குறைவாக இருக்கணும், செங்குத்தாகச் செதுக்கினால் அதிர்வில் தானாகவே பின்னால் கழன்று வந்துவிடும். மெல்லிய பலகைக்கு இது ஆகாது. பக்கவாட்டில் நெருக்கினால் நடுவில் வில் மாதிரி எழும்பிவிடும். கனமான பலகைக்கு அருமை. ஆன்லைனில் இதே வேலைக்கு கேம் கிளாம்ப் என்று தனியாக விற்கிறார்கள். பெரியவர் தன் கழிவுக் குவியலிலிருந்து எடுத்த துண்டில் பத்து நிமிடத்தில் செய்து கொடுத்தார். காசு வாங்கவில்லை.

கதவு செதுக்கும் பெரிய பட்டறைகளில் வாக்குவம் மேசை வைத்திருப்பார்கள். பலகைக்குக் கீழே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டால் மேலே இருக்கும் காற்றே பலகையை அழுத்தும், ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் ஒரு கிலோ வரை. ஃபிளாட்டில் அந்த பம்ப் போடும் சத்தத்துக்கு அசோசியேஷன் மீட்டிங்கே கூட்டிவிடுவார்கள். அதை விடுங்கள்.

பலகையே நகரும் மெஷினும் இருக்கு

எல்லா வீட்டு மெஷினிலும் பலகை சும்மா கிடந்து, கருவி மட்டும் ஓடாது. அமெரிக்காவில் 2000-களின் பிற்பகுதியில் கார்வ்ரைட் என்று ஒரு மெஷின் வந்தது. சியர்ஸ் கடைகளில் அதையே காம்ப்யூகார்வ் என்ற பெயரில் விற்றார்கள். பார்க்க ஒரு பெரிய பிரிண்டர் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் பலகையைச் செருகினால், மேலே உருளைகள் அழுத்திப் பிடிக்க, கீழே இருக்கும் பெல்ட் அதை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே போகும். கருவி குறுக்கே மட்டும் நகரும். இதனால் மெஷினைவிடப் பலமடங்கு நீளமான பலகையையும் செதுக்கலாம்.

ஆனால் இங்கே முட்டுக் கொடுப்பதுதான் மொத்த விளையாட்டும். வெளியே நீண்டு கிடக்கும் முனை தன் எடையால் தாழ்ந்தால், உள்ளே பெல்ட்டின் மேல் பலகை எழும்பும், வழுக்கும், கோணும். அதனால் உள்ளே போகும் பக்கமும் வெளியே வரும் பக்கமும் பெல்ட்டின் அதே மட்டத்தில் ஸ்டாண்ட் வைக்கணும். அது சொரசொரப்பாக இருந்தால் பலகையைத் தடுக்கும், உருளை வைத்த ஸ்டாண்ட் அல்லது மைக்கா ஒட்டிய பலகை மாதிரி வழுக்கும் பரப்பு வேண்டும். இரண்டு உருளையும் எப்போதும் பலகையின் மேல் இருப்பதற்காகச் செதுக்கும் பகுதிக்கு இரண்டு பக்கமும் கூடுதல் நீளம் விடணும். துண்டு ரொம்பச் சின்னது என்றால் அதைச் சுற்றி ஒரு மரச் சட்டம் கட்டி, சட்டத்தோடு உள்ளே அனுப்பணும்.

நம் ஊர் வீடுகளில் இந்த வகை அபூர்வம். ஆனாலும் மெஷின் எதுவாக இருந்தாலும், படுக்கைக்கு வெளியே தொங்கும் பலகைக்குத் தனியாக ஒரு கால் வேண்டும் என்ற பாடம் ஒன்றுதான். அந்தக் கால் சரியான உயரத்தில் இருக்கணும். தாழ்ந்தால் பயன் இல்லை. உயர்ந்தால் பலகையின் வாலைத் தூக்கி, முன்பக்கப் பிடிமானத்தை அதுவே பிய்த்துவிடும்.

வெட்டி எடுக்கும்போது இன்னொரு கண்டம்

இதுவரை பார்த்தது மேற்பரப்பில் செதுக்குவது. சாவிக்கொத்து, எழுத்து வடிவம் என்று முழுசாக வெட்டி எடுக்கும்போது கடைசிச் சுற்றில் ஒரு ஆபத்து இருக்கிறது. அந்தக் கடைசி இழை அறுந்த நொடியில், வெட்டிய துண்டை யாரும் பிடித்திருக்கவில்லை. பக்கத்திலேயே பிட் சுழன்றுகொண்டிருக்கிறது. துண்டு அதில் மாட்டினால் சிதறும், அல்லது முகத்தை நோக்கி வரும். அதனால் வெட்டுக்கோட்டில் மூன்று நாலு இடத்தில் சின்னப் பாலம் மாதிரி மரத்தை விட்டுவைக்கணும். பெரும்பாலான சாஃப்ட்வேர்களில் 'டேப்ஸ்' என்று இதற்கு ஒரு ஆப்ஷன் இருக்கும். பின்னால் உளியால் தட்டி எடுத்து உப்புத்தாள் போட்டால் தடமே தெரியாது. அந்த ஆப்ஷனை ஆஃப் செய்து வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் இப்போதே மெசேஜ் பண்ணுங்கள்.

கிளாம்ப்பில் பிட் இடிப்பதற்கும் சாஃப்ட்வேரில்தான் மருந்து. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும்போது பிட் எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்று ஒரு எண் கேட்கும். உங்கள் கிளாம்ப்பின் போல்ட் தலை பலகைக்கு மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதைவிட அந்த எண் கூடுதலாக இருக்கணும். தானாக வரும் எண்ணை அப்படியே விடாதீர்கள். மெஷினுக்கு கிளாம்ப்பும் தெரியாது.

ஓடும்போது விட்டுவிட்டுப் போகவும் கூடாது. பலகை நழுவியோ பிட் சிக்கியோ ஒரே இடத்தில் உரசிக்கொண்டு நின்றால் மரம் கருகும், புகையும். சுற்றிலும் காய்ந்த மரத்தூள். ஃபிளாட் பால்கனியில் வைத்து ஓட்டுகிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசியுங்கள். எங்கள் கதையில் தீப்பிடிக்கவில்லை, அது அதிர்ஷ்டம்.

வீடியோவில் ஏன் இதெல்லாம் வருவதில்லை?

இதற்கு நானே பதில் சொல்லலாம், ஏனென்றால் எடிட்டிங் டைம்லைன் முன்னால் உட்கார்ந்து நானும் இதைத்தான் செய்திருப்பேன். ஒரு நிமிட ரீலில் மூன்று மணி நேரம் பலகையைச் சமன் செய்வதை யார் பார்ப்பார்கள்? அதுதான் முதலில் கட் ஆகும். மிஞ்சுவது தூள் பறக்கும் க்ளோஸ்-அப்பும், கடைசியில் தூளை ஊதியதும் தெரியும் அழகான எழுத்தும். பார்க்கிறவர் மனதில் பதிவது: பலகையை வை, பட்டனை அழுத்து. இதில் சதி எதுவும் இல்லை, எங்கள் தொழிலின் பழக்கம் அது. ஆனால் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ஒருத்தர் ஒரு நல்ல ஸ்மார்ட்ஃபோன் விலையைக் கொடுத்து மெஷின் வாங்கி, வீட்டிலேயே பெயர்ப்பலகை ஆர்டர் எடுக்கலாம் என்று இறங்கும்போது, முதல் மாதம் வீணாகும் மரத்தின் கணக்கு அவர் தலையில்தான் விடிகிறது.

விற்பவர்களுக்கு இந்தச் சலுகையை நான் தரமாட்டேன். விளம்பரப் பக்கத்தில் மோட்டாருக்கு ஒரு பத்தி, சாஃப்ட்வேருக்கு ஒரு பத்தி, லேசர் இணைப்புக்கு ஒரு பத்தி. பிடிமானத்துக்கு 'கிளாம்ப் 4' என்று ஒரு வரி. எங்களுக்கு வந்த கையேட்டில் மெஷினைப் பூட்டும் படங்கள் பத்துப் பக்கத்துக்கு இருந்தன. பலகையை மாட்டுவதற்கு ஒரே ஒரு படம், அதிலும் கிளாம்ப்பின் பின்முனை தாழ்ந்துதான் இருந்தது. அந்தப் படத்தைத் திருத்தி, கூடவே தமிழிலும் இந்தியிலும் இரண்டு பக்கம் அச்சடித்துப் போட எவ்வளவு செலவாகிவிடும்? வாங்கும்போது நாமும் கேட்க வேண்டும்: அடிப்பலகை கூட வருமா, படுக்கையில் கிளாம்ப்பை நகர்த்திப் போட எத்தனை பள்ளம் இருக்கிறது, முன்னும் பின்னும் திறந்திருக்கிறதா, நீளப் பலகை வைத்தால் எங்கே முட்டுக் கொடுப்பது? 'ரிவ்யூ எத்தனை ஸ்டார்' என்பதைவிட இவை பயனுள்ள கேள்விகள்.

பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரின் மரச்சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கும் அந்தக் குறியீடு உண்டு. அவர்களோடு நம் வீட்டு மெஷினை ஒப்பிடுவது அபத்தம், செய்யவும் மாட்டேன். ஆனால் மரத்தை எப்படிக் கிடத்துவது, எந்த முனையை எதில் அணைப்பது என்ற அறிவு இந்த மண்ணில் ஏராளமாக இருக்கும்போது, நாம் அதை வேறெங்கோ எடுத்த வீடியோவில் தேடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் தெருவிலும் ஒரு பட்டறை இருக்கும். மெஷின் வாங்கிய முதல் வாரமே ஒரு டீ வாங்கிக்கொண்டு போய் உட்காருங்கள்.

பாட்டி பலகை என்ன ஆச்சு?

பெரியவர் பலகையைத் திருப்பிப் போட்டார். 3 செ.மீ. கனத்தில் நாங்கள் கெடுத்தது 4 மில்லிமீட்டர் ஆழம்தான், பின்பக்கம் அப்படியே இருந்தது. ஃபிரிட்ஜ் மேக்னெட்டை அதன்மேல் மெல்ல ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஓரிடத்தில் டக்கென்று ஒட்டியது. பெயின்ட்டுக்குக் கீழே முறிந்துபோன ஒரு பழைய ஆணி. பிட் அதில் பட்டிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். அதைத் தோண்டி எடுத்துவிட்டு, அடிப்பக்கத்துக்கு மூன்று விசிட்டிங் கார்டு, இரண்டு ரீப்பர், மூன்று ஜோடி ஆப்பு, மேலே நாலு கிளாம்ப், பின்னால் தொங்கும் பகுதிக்குக் கீழே படுக்கை உயரத்துக்கு அறுத்த ஒரு மரக்கட்டை. எல்லாம் முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. முதலில் பிட் மாட்டாமலேயே முழுப் பாதையையும் ஒருமுறை காற்றில் ஓட்டிப் பார்த்தோம். பிறகு தம்பி ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு ஸ்டூல் போட்டு மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். இரண்டு மணி நேரம் பத்து நிமிடம். அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி, ஆப்பை விரலால் தொட்டுப் பார்த்தான்.

பலகை இப்போது வாசலில் இருக்கிறது. குத்துவிளக்கையும் போன வாரம் செதுக்கி முடித்தான். முதல் பக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறைத்துவிடலாமா என்று கேட்டதற்கு அம்மா வேண்டாம் என்றுவிட்டார். அதனால் சுவரைப் பார்த்த பக்கத்தில், மூன்று எழுத்து நேராகவும் இரண்டு எழுத்து சரிந்தும், பாட்டி பெயர் இன்னொரு முறையும் இருக்கிறது.